சராசரி மார்க் வேண்டாம் என்றவள்

அவள் பெயரை எழுதமாட்டேன். எழுதினால் எங்கே இருந்தாலும் தேடிப் பிடித்து வந்து, "என்னைக் கேட்டுண்டா எழுதினேள்?" என்று நிற்கவைத்துக் கேட்பாள். கேட்கிற ஆள்தான். காலேஜில் நாங்கள் அவளுக்கு வைத்த பெயர் மாமி. கல்யாணம் ஆகாத சின்னப் பெண்ணுக்கு மாமி என்று ஏன் பெயர் வந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன். முகத்துக்கு நேரே ஒருத்தனும் அப்படிக் கூப்பிட்டதில்லை. அவ்வளவு துணிச்சல் எங்களில் யாருக்கு இருந்தது?

அறுபதுகளின் நடுவில், திருச்சியிலிருந்து கரூர் போகிற ரோட்டில் ஒரு சின்ன இன்ஜினீயரிங் காலேஜ் இருந்தது. இப்போது இல்லை, அந்த இடத்தில் ஒரு கல்யாண மண்டபம் நிற்கிறது. சிவில் வகுப்பில் பையன்கள் ஒரு பட்டாளம், பெண் இவள் ஒருத்தி. நான் தென்னூர்க்காரன். அத்தா பெரிய கடை வீதியில் இரும்புக் கடை வைத்திருந்தார். அவளுக்கு ஸ்ரீரங்கத்தில் சித்திர வீதி. அவளுடைய அப்பா பெருமாள் புறப்பாட்டில் பிரபந்தம் சேவிக்கிற கோஷ்டியில் ஒருவர். குடுமி, பஞ்சகச்சம், நெற்றி நிறையத் திருமண். அந்த வீட்டுப் பெண் சிமெண்டும் ஜல்லியும் படிக்க வந்தது எப்படி என்று ஊரே கேட்டது. "கணக்கு நன்னா வந்தது, சேர்ந்தேன்" என்பாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை பெயராது.

வெளியே இருக்கிறவர்கள் பி.ஈ. பட்டம் என்றால் பரீட்சை எழுதினால் போதும் என்று நினைக்கிறார்கள். போதுமென்றால் நான் எதற்கு அப்படி இளைத்தேன்? ஒர்க்‌ஷாப்பில் ரம்பம் பிடிக்க வேண்டும், உலையில் இரும்பு அடிக்க வேண்டும், ட்ராயிங் ஷீட்டாக வரைந்து தள்ள வேண்டும், வருகை குறையக் கூடாது, கடைசியில் சர்வே கேம்ப் போக வேண்டும். இதில் ஒன்று விட்டாலும் பட்டம் கிடையாது. நாங்கள் ஒவ்வொன்றையும் எப்படித் தட்டிக்கழிக்கலாம் என்று அலைவோம். எங்களுக்குத் திறக்காத கதவெல்லாம் அவளுக்குத் தானாகத் திறந்தது. "பொம்பளப் புள்ள, பாவம், விடுங்க சார்." இந்தப் 'பாவம்' காதில் விழுந்தால் போதும், அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். உடனே அவளுடைய வழக்கமான கேள்வி: "விதியில இருக்கா சார்? இருந்தா சொல்லுங்கோ, பண்றேன்."

முதல் வருஷம் உலைக்களத்தில்தான் அவளுடைய அந்தக் கேள்வி முதன்முதலில் என் காதில் விழுந்தது. உருண்டைக் கம்பியைக் காய்ச்சிச் சதுரமாக அடித்துக் காட்ட வேண்டும். அங்கே இருந்த இன்ஸ்ட்ரக்டர் நல்ல மனிதர், இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்தவர். "புடவையில நெருப்பு புடிச்சுக்கும்மா. நீ அந்த ஓரமா நின்னு பாரு. நானே அடிச்சு உன் பேர்ல வெச்சிடறேன்" என்றார்.

"புடவை கூடாதுன்னு விதியில இருக்கா சார்?"

"தொங்குற துணி கூடாதுன்னு இருக்கு."

"சரி" என்று போய்விட்டாள். அடுத்த வாரம் வந்தாள் பாருங்கள், எங்களுக்கெல்லாம் வாய் பிளந்துவிட்டது. அவளுடைய அம்மாவின் ஒன்பது கஜத்தை எடுத்து மடிசார் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். கால்களுக்கு நடுவே கச்சம் வாங்கி, இடுப்பில் இறுக்கிச் செருகி, ஒரு நூல் தொங்கவில்லை. நான் துலுக்க வீட்டுப் பையன், எனக்கு அதில் ஒரு தப்பும் தெரியவில்லை. பக்கத்திலிருந்த ஐயங்கார் பையன்தான் தலையில் அடித்துக்கொண்டான். கல்யாணமான பெண்கள் மட்டும் கட்டுகிற கட்டாம் அது. கன்னிப்பெண் கட்டினால் குடும்பத்துக்கே ஆகாதாம். அவள் அதைக் கட்டிக்கொண்டு சித்திர வீதியில் நடந்து, பஸ் ஏறி வந்திருக்கிறாள். கண்டக்டர், "மாமி, எங்க இறங்கணும்?" என்று கேட்டிருக்கிறார். பெயர் அன்றைக்கு ஒட்டியதுதான்.

அம்மா அழுதாளாம். வீதியில் ஜன்னல் ஜன்னலாகப் பேசினார்களாம். அப்பா மட்டும், "தொங்கப்படாதுன்னு சொல்லியிருக்கா. தொங்கலை. அப்புறம் என்ன?" என்று சொல்லிவிட்டுக் கோயிலுக்குப் போய்விட்டாராம். இதையெல்லாம் அவளே சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். தான் பட்ட கஷ்டத்தை ஏதோ பக்கத்து வீட்டு வம்பு மாதிரி சொல்லுவாள். கையில் சூடு பட்டு முழங்கை வரை பழுத்திருந்தது. சதுரம் சதுரமாகவும் வரவில்லை. அந்தக் கோணல் துண்டுக்கு அரைகுறை மார்க் வாங்கிக்கொண்டு, எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போனாள்.

அந்த மடிசார் இன்னொரு வேலையும் செய்தது. மூன்றாம் வருஷமோ என்னவோ, கும்பகோணத்திலிருந்து அவளைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. அன்றைக்கு ஒர்க்‌ஷாப், வருகை போய்விடும் என்று வந்துவிட்டாள். சாயங்காலம் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் கரி படிந்த முகத்தோடு நிற்கிறாள். ஒரு குடும்பம் பட்டுப்புடவையும் ஜரிகை வேஷ்டியுமாக வந்து, "மாமி, சித்திர வீதிக்கு எந்த பஸ்ஸில போகணும்?" என்று இவளிடமே கேட்கிறது. ஏற்றிவிட்டுத் தானும் ஏறினாள். வழியெல்லாம் பேச்சு. மாமிக்கு எத்தனை குழந்தைகள் என்றுகூடக் கேட்டார்களாம். இறங்கி, வீடு காட்டி, கூடவே உள்ளே போனாள். "நீங்களும் இந்தாத்து மனுஷாளா?" என்று கேட்ட பையனின் அம்மாவுக்கு, "நான்தான் பொண்ணு" என்று பதில். சொஜ்ஜி பஜ்ஜியைத் தொடாமல் எழுந்து போய்விட்டார்கள்.

மறுநாள் அந்தச் சொஜ்ஜியை டப்பாவில் கொண்டுவந்து எங்களிடம் நீட்டினாள். "சாப்பிடுங்கோ, நெய் நிறைய விட்டிருக்கு." வயிறு வலிக்கச் சிரித்தோம். அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டிருந்தவள் சட்டென்று, "அப்பாதான் ராத்திரி சாப்பிடலை" என்றாள். நான் டப்பாவை மூடி அவளிடமே நீட்டினேன்.

அவள் எப்போதும் நல்லவள், நாங்கள் கெட்டவர்கள் என்று எழுதப்போவதில்லை. சில சமயம் அவளைப் பிடித்து உலுக்க வேண்டும்போல இருக்கும். ட்ராயிங் மாஸ்டர் ஒருமுறை அவளுடைய ஷீட்டைப் பார்க்காமலேயே, பெண்பிள்ளை கை சுத்தமாகத்தான் இருக்கும் என்று முழு மார்க் போட்டுவிட்டார். இவள் எழுந்து, "சார், மாடிப்படி வரைஞ்சதுல ஒரு படி விட்டுப்போயிருக்கு" என்று தானே காட்டிக் கொடுத்து மார்க்கைக் குறைக்க வைத்தாள். மாஸ்டருக்கு அவமானம். அந்தக் கடுப்பில் மிச்சப் பேரின் ஷீட்டையும் ஸ்கேல் வைத்து அளந்து எங்கள் எல்லார் மார்க்கையும் உருவினார். இவளுக்கு ரோஷம் வந்தால் நாங்கள் ஏன் சாக வேண்டும்? அன்றைக்கு வீட்டில் போய்ப் புலம்பினேன். அத்தா சாவகாசமாகத் தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டே, "அந்தப் புள்ளைக்கு இருக்கிற ரோஷத்துல கால்வாசி உனக்கு இருந்தா நான் இந்நேரம் கடையை மூடிட்டு ஹஜ்ஜுக்குப் போயிருப்பேன்டா" என்றார். யாரிடம் போய்ச் சொல்வது!

கடைசி வருஷம் சர்வே கேம்ப் வந்தது. அவளுக்கு ஒரே ஆசை, மெட்ராஸுக்குப் போய் மேற்படிப்புப் படிப்பது. அதற்கு முதல் வகுப்பு வேண்டும். அவளுடைய மார்க்கெல்லாம் அந்தக் கோட்டை ஒட்டியே வந்துகொண்டிருந்தது. கேம்பில் வருகிற மார்க் தூக்கிவிட்டால் ஏறிவிடும். அவள் எங்கள் குழு, நான் குழுத் தலைவன். ஒருநாள் சர்வே சார் எங்கள் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார்.

"கேம்புக்கு நீ வர வேணாம்மா" என்றார். "ஜீயபுரம் தாண்டி ஆத்து மணல்ல டென்ட் போடறோம். சுத்தி ஒரு வீடு கிடையாது. உன் குரூப்புக்கு என்ன மார்க் வருதோ அதுல சராசரி எடுத்து உனக்குப் போட்டுடறேன். நல்லாவே வரும்."

"வராம எப்படி சார் மார்க்?"

"நான் போடறேன். யாரு கேக்கப் போறா?"

"நான் கேப்பேன் சார்."

சார் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

"கேம்புக்கு வரணும்னு விதியில இருக்கு. பொண்ணாயிருந்தா வரவேண்டாம்னு இருக்கா? இருந்தா காட்டுங்கோ, எங்காத்துலயே உக்காந்துக்கறேன்" என்றாள்.

"விதி விதின்னு உயிரை வாங்காதே. அங்க ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா உங்கப்பாவுக்கு யாரு பதில் சொல்றது?"

"எங்கப்பாவுக்கு நான் சொல்லிக்கறேன். ராத்திரி தங்கலை சார். தினம் முதல் பஸ்ஸில வந்து கடைசி பஸ்ஸில போயிடறேன்."

"முடியாது. சராசரி வேணாம்னா ஆப்சென்ட்தான். பட்டமே இந்த வருஷம் வராது. யோசிச்சுக்க."

"யோசிச்சாச்சு சார்" என்று வெளியே வந்துவிட்டாள்.

வராந்தாவில் நான் கத்தினேன். "உங்களுக்கென்ன பைத்தியமா? சும்மா கிடைக்கிற மார்க்கை வாங்கிட்டுப் பேசாம மெட்ராஸுக்குப் போங்களேன்!"

"நாளைக்கு ஒரு வாய்க்காலுக்கு லெவல் பாக்கச் சொல்லி அனுப்பினா, உங்களைக் கூட்டிண்டு போகவா காதர்?" என்று கேட்டுவிட்டுப் பஸ்ஸுக்கு நடந்தாள்.

கேம்பின் முதல் நாள் காலை. சித்திரை மாதம், காவிரியில் தண்ணீர் ஓரமாக ஒரு கோடு, மிச்சமெல்லாம் மணல். சார் வரிசையில் நிறுத்திப் பெயர் படிக்கிறார். மேட்டிலிருந்து இரண்டு பேர் இறங்கி வருகிறார்கள். முன்னால் மடிசாரில் இவள். பின்னால் பஞ்சகச்சமும் தாழங்குடையும் தூக்குச் சட்டியுமாக அவளுடைய அப்பா. சார் அவள் பெயரைத் தாண்டிப் படித்து முடித்தார். முடித்ததும் கூப்பிடாத பெயருக்கு, "ப்ரெசன்ட் சார்" என்று குரல் வந்தது. சார் ரெஜிஸ்டரை மூடினார்.

"இந்தம்மா எந்தக் குரூப்புலயும் இல்லை. எவனாவது இதுக்கு ஸ்டாஃப் புடிச்சான்னு தெரிஞ்சா அவனுக்கும் ஆப்சென்ட்" என்று பொதுவாக அறிவித்தார்.

இதை விளக்கிவிடுகிறேன். லெவல் பார்ப்பது, அதாவது நிலத்தின் மேடு பள்ளத்தை அளப்பது, தனியாளாகச் செய்கிற வேலை இல்லை. முக்காலியில் நிற்கிற தொலைநோக்கியில் ஒருத்தர் பார்க்க வேண்டும். தூரத்தில் இன்னொருத்தர், அளவுக்கோடு போட்ட உயரமான மரச்சட்டத்தை ஆடாமல் நிமிர்த்திப் பிடிக்க வேண்டும். அந்தச் சட்டத்துக்குத்தான் ஸ்டாஃப் என்று பெயர். பிடிக்க ஆள் இல்லையென்றால் ஒன்றும் நடக்காது. சார் சரியான இடத்தில்தான் கை வைத்தார்.

அவளுடைய அப்பா குடையை மடக்கிக்கொண்டு முன்னால் வந்தார். "ஸ்வாமி, அடியேன் இவ அப்பா. அடியேனுக்கு ஆப்சென்ட் போட முடியாதோன்னோ?"

சார் முழித்தார்.

"அப்போ அந்தக் கட்டையை அடியேன் பிடிச்சுக்கறேன். புறப்பாட்டுல மணிக்கணக்கா நின்னு பழக்கம்தான்."

ஒரு பையனும் சிரிக்கவில்லை. 

கருவி குழுக்களுக்கு மட்டும்தான். காலையிலும் சாயங்காலமும் எங்களுக்கே அது போதாது. மத்தியானம் நாங்கள் சாப்பிட்டுப் புங்க மரத்தடியில் உருளுகிற நேரம், லெவல் கருவி சும்மா நிற்கும். "எடுத்துக்கங்க, கருவியைக் குடுக்கக் கூடாதுன்னு சார் சொல்லலை" என்றேன். இவளோடு பழகி எனக்கும் அந்தப் புத்தி வந்திருந்தது. அப்படியாக, ஊரே ஒதுங்குகிற உச்சி வெயிலில் அப்பாவும் பெண்ணும் மணலில் இறங்கினார்கள்.

உயரம் தெரிந்த ஒரு கல்லில் தொடங்கி, ஆற்று மணலைச் சுற்றி அளந்து, திரும்ப அதே கல்லுக்கு வர வேண்டும். வந்தால் தொடங்கின உயரமே வர வேண்டும். வராத மிச்சம்தான் பிழை. பிழையைப் பார்த்துத்தான் மார்க். உச்சி வெயிலில் மணல்மேல் கானல் எழும்பும். ஸ்டாஃபில் இருக்கிற கோடுகள் கொதிக்கிற தண்ணீருக்குள் இருப்பதுபோல நெளியும். அது போதாதென்று அவளுடைய அப்பா வேறு ஆடுவார்.

"அப்பா! ஆடாதேங்கோ!"

"நான் எங்கேம்மா ஆடறேன்?"

"சேவிக்கறதை நிறுத்துங்கோ!"

"வாய்தாம்மா சொல்றது, உடம்பு தானா ஆடறது!"

"அப்போ வாயை மூடிண்டு நில்லுங்கோ!"

"பெருமாளே!" என்று ஒரு பெருமூச்சு. கொஞ்ச நேரம் அசையாமல் நிற்பார். பிறகு மறுபடி மெல்ல ஒரு ஆட்டம். ஒரு நாள் எனக்குத் தூக்கம் வராமல் எழுந்து போய், கொஞ்சம் காட்டுங்கள் என்று தொலைநோக்கியில் பார்த்தேன். அந்தக் காலத்துக் கருவியில் எல்லாம் தலைகீழாகத்தான் தெரியும். கோஷ்டி ஸ்வாமி ஆகாயத்தில் காலை ஊன்றி, திருமண் கீழே, குடுமி அதற்கும் கீழே தொங்கத் தொங்க, பக்தியோடு ஆடிக்கொண்டிருந்தார். அடக்க முடியாமல் சிரித்துவிட்டேன். ஏன் சிரிக்கிறேள் என்று முறைத்தவள் தானும் பார்த்தாள். அவளுக்கும் சிரிப்பு வந்து மணலிலேயே உட்கார்ந்துவிட்டாள். "என்னடீ?" என்று அவர் அங்கிருந்து கத்தினார்.

ஒரு சுற்று முடித்துக் கணக்குப் போட்டாள். பிழை தாறுமாறாக வந்திருந்தது. அதைக் கொடுத்தால் தேறவே முடியாது. நாங்களெல்லாம் மரத்தடியில் உட்கார்ந்து, வர வேண்டிய விடையிலிருந்து பின்னால் கணக்குப் போட்டு, எண்களைத் தட்டிச் சரிசெய்து வைத்திருந்தோம். எந்தக் காலேஜில் எவன் செய்யவில்லை? "ரெண்டு ரீடிங்கை மாத்துங்க, சரியாயிடும்" என்று அவளுக்கும் சொன்னேன்.

என்னை ஒரு பார்வை பார்த்தாள். "அப்பா, மறுபடி முதல்லேர்ந்து" என்றாள். அவர் ஸ்டாஃபைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

கேம்பின் கடைசி மத்தியானம், சார் தொப்பியை மாட்டிக்கொண்டு டென்ட்டிலிருந்து அவர்களிடம் போனார். நானும் பின்னாலேயே ஓடினேன். அவர் அவளைப் பார்க்கவில்லை, அவளுடைய அப்பாவின் காலைப் பார்த்தார். பெரியவர் நனைத்த துண்டை மணலில் போட்டு அதன்மேல் வெறுங்காலோடு நின்றுகொண்டிருந்தார். துண்டு எப்போதோ காய்ந்துவிட்டிருந்தது. பாதத்தின் ஓரமெல்லாம் கொப்புளம்.

"சாமி, செருப்பு போட்டுக்கக் கூடாதா?"

"சேவிக்கற போது போடறதில்லே ஸ்வாமி."

"வாயை மூடிக்கிட்டுத்தானே நிக்கறீங்க?"

"மனசுக்குள்ள சேவிச்சிண்டிருக்கேன். இவளுக்குத் தெரியாது" என்றார் ரகசியமாக.

சார் திரும்பி வந்து தொலைநோக்கியில் கண்ணை வைத்தார். வைத்த கண்ணை ரொம்ப நேரம் எடுக்கவில்லை. "கானல் நேரத்துல ரீடிங் எடுக்கக் கூடாதுன்னு நான் சொல்லிக் குடுக்கலையா?" என்றார், குரலில் முறைப்பே இல்லாமல்.

"சொல்லிக்குடுத்தேள் சார். எனக்குக் கிடைச்ச நேரம் இதுதான்."

மறுநாள் டென்ட் பிரிக்கிற காலையில் சார் பெயர் படித்தார். அவள் பெயரையும் படித்தார். "ப்ரெசன்ட் சார்" என்று எப்போதும் சொல்கிற அதே குரலில் சொன்னாள். நான்தான் குனிந்து கண்ணைத் துடைத்துக்கொண்டேன். மணல் பறந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அவளுடைய இரண்டாவது சுற்றின் பிழை, விதி அனுமதிக்கிற அளவுக்குள் தட்டுத்தடுமாறி வந்திருந்தது. சார் விதிப்படியே மார்க் போட்டார். தேறிவிட்டாள், வகுப்பிலேயே குறைந்த மார்க். மரத்தடியில் படுத்திருந்த எங்களுக்கெல்லாம் பிழையே இல்லை, கொட்டிக் கொடுத்திருந்தார்.

கேம்ப் சாமான்களை ஒப்படைக்க நான் சாரின் அறையில் இருந்தபோது, அவளைக் கூப்பிட்டனுப்பியிருந்தார். வந்து நின்றாள்.

"எல்லா மார்க்கையும் கூட்டிப் பாத்தேன்" என்றார். "கேம்ப் மார்க்காலதான் ஃபர்ஸ்ட் கிளாஸ் போகுது. கொஞ்சத்துல போகுது. வெயில்ல வேலை பண்ண வெச்சது நான். தப்பு என்னோடதும்மா. இன்னும் அனுப்பலை. அன்னிக்குச் சொன்ன சராசரியையே போட்டுடறேன்."

 மெட்ராஸ் அவள் கண்ணில் வந்து போவதை நான் பார்த்தேன். சரியென்று சொல்லேன், சொல்லேன் என்று எனக்குள் கிடந்து துடித்தது.

"இந்த மார்க்குக்குப் பட்டம் வருமா சார்?"

"பட்டம் வரும். ஃபர்ஸ்ட் கிளாஸ் வராது."

"அப்போ இருக்கட்டும் சார்."

"ஏம்மா இப்படிப் பண்றே? மேல படிக்கணும்னியே!"

"படிக்கணும்தான் சார்." குரல் உடைந்தது. உடைந்த குரலை விழுங்கிவிட்டு நிமிர்ந்தாள். "அந்த மார்க்குல எங்கப்பா கால் வெந்திருக்கு. அதை அடிச்சுட்டு, மரத்தடியில தூங்கினவா மார்க்கை என் பேருக்கு நேரே போடாதேங்கோ."

சார் கையிலிருந்த பேனாவை மெதுவாக மூடினார். "போயிட்டு வரேன் சார்" என்று அவள் போய்விட்டாள். நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.

"உனக்கு என்னடா வேணும்?" என்றார்.

எனக்கு ஃபர்ஸ்ட் கிளாஸ் வந்திருந்தது. "ஒண்ணும் வேணாம் சார்" என்றேன்.